கல்லூரி வாரத்தைத் திட்டமிடுவது எப்படி: படிப்பு, உறக்கம், வேலைக்கான ஆயத்தம்

பள்ளியில் நேரத்தைப் பிறர் நமக்காகப் பிரித்துத் தந்தார்கள். கல்லூரியில் அந்தப் பொறுப்பு, யாரும் முன்கூட்டிச் சொல்லித்தராமலே, மாணவரின் கைக்கு வந்துவிடுகிறது. பள்ளியில் நன்றாகப் படித்த பலர் முதல் ஆண்டில் தடுமாறுவதற்குப் பாடத்தின் கடினத்தைக் காட்டிலும் இந்த மாற்றமே பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன். திட்டமிடுவதற்கு ஒரு நாள் என்பது மிகச் சிறிய அளவு. ஒரு வகுப்பு நீண்டாலோ தலைவலி வந்தாலோ அன்றைய திட்டம் குலைந்துவிடும். ஒரு பருவம் என்பது மிகப் பெரிய அளவு. தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்ற எண்ணமே அதில் மேலோங்கி நிற்கும். வாரம்தான் கைக்கு அடங்கும் அளவு. ஒரு நாள் தவறினால் அந்த வாரத்துக்குள் ஈடுசெய்ய இடமிருக்கிறது. ஒரு வாரமே தவறினால் அது உடனே கண்ணில் படும். படிப்பும் உறக்கமும் வேலைக்கான ஆயத்தமும் அதே வாரத்தின் மணிகளைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதால், அவற்றைத் தனித்தனியாகத் திட்டமிடாமல் ஒரே தாளில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் கணக்கு

ஒரு வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. நாளுக்கு 8 மணி நேர உறக்கத்துக்கு 56 மணி நேரத்தை முதலிலேயே கழித்துவிடுங்கள். கடைசியில் மிஞ்சுவதை உறக்கத்துக்குக் கொடுப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. வகுப்புகளுக்கும் ஆய்வகத்துக்கும் 22 மணி, உணவு, குளியல், பயணம் போன்றவற்றுக்கு நாளுக்கு 3 மணி வீதம் 21 மணி என்று வைத்துக்கொண்டால், 69 மணி நேரம் எஞ்சுகிறது. பகுதிநேர வேலைக்கு 15 மணி போனாலும் 54 மணி நேரம் இருக்கும். உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம்; ஆனால் நேரமே இல்லை என்று சொல்வதற்கு முன் இந்தக் கழித்தலை ஒருமுறை உண்மையாகச் செய்து பாருங்கள். பெரும்பாலும் நேரம் இருக்கும். எந்த மணி எதற்கு என்ற முடிவுதான் இருக்காது.

அந்த முடிவை எடுக்க வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம் போதும். பருவத்தின் தொடக்கத்திலேயே எல்லாப் பாடங்களின் ஒப்படைப்பு நாள்களையும் தேர்வு நாள்களையும் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாரமும் அதைப் பார்த்து, அடுத்த மூன்று வாரங்களில் வரவிருப்பவற்றை இந்த வாரத்துக்குரிய சிறு வேலைகளாகப் பிரியுங்கள். “கட்டுரையைத் தொடங்க வேண்டும்” என்று எழுதுவது வேலையாகாது. “கட்டுரைக்கான மூன்று ஆய்வுத்தாள்களைப் படித்து, ஒவ்வொன்றின் முடிவையும் நான்கு வரியில் எழுத வேண்டும்” என்பதே வேலை. அதனுடன் நேரத்தையும் இடத்தையும் சேர்த்து எழுதுங்கள்: செவ்வாய் காலை வகுப்பு முடிந்தவுடன், நூலகத்தில், 11 மணி முதல் 12 வரை. எப்போது, எங்கே, எதைச் செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள், செய்ய வேண்டும் என்ற எண்ணத்தை மட்டும் வைத்திருப்பவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஒரு வேலைக்கு எவ்வளவு நேரமாகும் என்பதில் நம் மதிப்பீடு ஏறக்குறைய எப்போதும் குறைவாகவே இருக்கும். 1979இல் உளவியலாளர்கள் டேனியல் கானிமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் இந்தச் சாய்வுக்குத் “திட்டமிடல் பிழை” என்று பெயர் கொடுத்தார்கள். 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று மாணவர்கள் கணித்தார்கள். உண்மையில் சராசரியாக 55 நாளுக்கு மேல் ஆனது. எனவே உங்களுக்குத் தோன்றும் நேரத்துடன் அதில் பாதியைக் கூட்டியே வாரத்தாளில் எழுதுங்கள். வாரத்தில் ஓர் அரை நாளை எதற்கும் ஒதுக்காமல் விட்டுவையுங்கள். காய்ச்சலோ வீட்டிலிருந்து வரும் திடீர் அழைப்போ அந்த அரை நாளில் அடங்கிவிடும்.

திட்டமிடுவதற்கான செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தாளும் பேனாவும் உங்களுக்குப் பழக்கமென்றால் அதுவே நல்லது. செயலியை மாற்றிக்கொண்டே இருப்பது உழைப்பைப் போலத் தோன்றினாலும் அது உழைப்பன்று.

படிக்கும் மணியில் என்ன செய்வது

ஒதுக்கிய நேரத்தில் எப்படிப் படிக்கிறோம் என்பதில்தான் மாணவர்களின் உழைப்பு மிகுதியாக வீணாகிறது. குறிப்புகளை மீண்டும் மீண்டும் வாசிப்பதும் வண்ணப் பேனாவால் கோடிடுவதும் பரவலான வழக்கம். வாசிக்க வாசிக்கப் பக்கம் பழக்கமாகிறது. பழக்கமானதைத் தெரிந்ததாக மனம் எடுத்துக்கொள்கிறது. தேர்வுத்தாளோ புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத்தான் கேள்வி கேட்கிறது.

2006இல் உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கேயும் வெளியிட்ட சோதனையில், மாணவர்கள் ஒரு பத்தியை இரண்டு முறை வாசித்தார்கள். மற்றொரு பத்தியை ஒருமுறை வாசித்துவிட்டு, நினைவிலிருப்பதை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை வாசித்த பத்தியே சற்று நன்றாக நினைவில் இருந்தது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது அந்தப் பத்தியில் நினைவுகூர்ந்தது ஏறத்தாழ 42 விழுக்காடு. எழுதிப் பார்த்த பத்தியில் நினைவுகூர்ந்தது 56 விழுக்காடு. தேர்வுக்கு முந்தைய இரவில் வாசித்துத் தள்ளுவது ஏன் நம்பிக்கை தருகிறது என்பதற்கும், அது ஏன் அடுத்த பருவத்துக்குள் கரைந்துவிடுகிறது என்பதற்கும் இந்த ஒரே சோதனையில் விடை இருக்கிறது.

இதை நடைமுறையில் செய்வதற்கு வெற்றுத் தாள் ஒன்று போதும். பொருளியல் வகுப்பில் தேவை நெகிழ்ச்சி (விலை மாறும்போது வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பது) நடத்தப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அன்று மாலையே புத்தகத்தையும் குறிப்பையும் மூடிவிட்டுத் தலைப்பை மட்டும் எழுதி, தெரிந்ததை எல்லாம் எழுதத் தொடங்குங்கள். வரையறை வந்துவிடும், சூத்திரமும் வந்துவிடும், நேர்கோடான தேவைக் கோட்டில் சாய்வு மாறாது என்பதும் நினைவுக்கு வரும். சாய்வு மாறாதபோது நெகிழ்ச்சி மட்டும் புள்ளிக்குப் புள்ளி ஏன் மாறுகிறது என்ற இடத்தில் பேனா நின்றுவிடலாம். உடனே குறிப்பைத் திறக்காமல் இரண்டு நிமிடம் அங்கேயே போராடுங்கள். அதன் பிறகு திறந்து பார்த்தால், நெகிழ்ச்சி என்பது விழுக்காடுகளின் விகிதம் என்பதும், விலை 2 ஆக இருக்கும்போது ஏறும் ஓர் அலகு 50 விழுக்காடு, விலை 20 ஆக இருக்கும்போது ஏறும் அதே ஓர் அலகு 5 விழுக்காடுதான் என்பதும் புரியும். விடுபட்டதை வேறு நிற மையில் அதே தாளில் சேர்த்துவிடுங்கள். அடுத்த முறை நீங்கள் படிக்க வேண்டியது அந்த வேறு நிற வரிகளைத்தான். பக்கம் முழுவதையும் அன்று.

கணக்கு சார்ந்த பாடங்களில், தீர்த்து வைத்த கணக்கை வாசிப்பது படிப்பாகாது. விடையை மறைத்துவிட்டு நீங்களே போட்டுப் பார்க்க வேண்டும். ஒரே வகைக் கணக்கைத் தொடர்ந்து பத்து போடாமல் மூன்று வகைகளைக் கலந்து போட வேண்டும். எந்த முறையைப் பயன்படுத்துவது என்று தேர்ந்தெடுப்பதே தேர்வில் பாதி வேலை. ஒரே வகையைத் தொடர்ந்து போடும்போது அந்தப் பாதிக்குப் பயிற்சியே கிடைப்பதில்லை.

மறதி முதல் சில மணிகளில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நிகழ்கிறது என்பதை உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இலேயே தம்மைத் தாமே சோதித்து எழுதினார். ஆகவே ஒரு பாடத்துக்கு மூன்று மணி நேரத்தை ஒரே நாளில் கொட்டுவதைவிட, அதே மூன்று மணியை அன்று மாலை, இரண்டு மூன்று நாள் கழித்து, அடுத்த வாரம், மூன்று வாரம் கழித்து எனப் பிரித்துக் கொடுத்தால் நெடுநாள் நிற்கும். வாரத்தாளின் பெரிய பயன் இதுதான்: சென்ற வாரத்துத் தலைப்புகளுக்கு இந்த வாரத்தில் இருபது நிமிடம் ஒதுக்க அது உங்களுக்கு நினைவூட்டும்.

கவனத்தைப் பொறுத்தவரை, 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு என்ற முறையை 1980களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ தம் மாணவப் பருவத்தில் உருவாக்கினார். தொடங்கவே மனம் வராத வேலைக்கு இது மிக நல்ல முறை. நிரல் எழுதுவதற்கோ நீண்ட கட்டுரை எழுதுவதற்கோ 25 நிமிடம் போதாது என்பது என் கருத்து. அவற்றுக்கு 50 நிமிடம் ஒதுக்குங்கள். எந்த அளவை எடுத்தாலும் கைபேசி கை எட்டாத இடத்தில், முடிந்தால் வேறு அறையில் இருக்கட்டும். ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் காட்டினார். ஒரு குறுஞ்செய்தியைப் பார்க்கச் செலவானது பத்து வினாடிதான் என்று நாம் நினைத்துக்கொண்டாலும், விட்ட இடத்துக்குத் திரும்ப ஆகும் நேரத்தையும் அதனுடன் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

உறக்கத்தை வெட்டாதீர்கள்

நாளுக்கு 6 மணி நேரம் தூங்கினால் போதும், பழகிவிட்டது என்று சொல்லும் மாணவர்கள் பலர். உறக்க ஆய்வாளர் ஹான்ஸ் வான் டாங்கனும் அவருடைய குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், தொடர்ந்து 14 நாள் இரவுக்கு 6 மணி நேரமே தூங்கியவர்களின் கவனமும் செயல்திறனும், இரவு முழுவதும் உறங்காமல் இருந்தவர்களின் அளவுக்குச் சரிந்திருந்தன. அதைவிடக் கவலை தருவது, அந்தச் சரிவை அவர்களே பெரும்பாலும் உணரவில்லை என்பதுதான். பழகிவிட்டது என்ற நம் உணர்வை ஏன் நம்பக் கூடாது என்பது இதிலிருந்து தெளிவாகிறது. இளம் வயதினருக்கு 7 முதல் 9 மணி நேர உறக்கம் பரிந்துரைக்கப்படுகிறது. பகலில் படித்தது நினைவில் நிலைபெறுவதில் உறக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால், படிப்பதற்காக உறக்கத்தை வெட்டுபவர் தாம் படித்ததையே சேர்த்து வெட்டுகிறார்.

உறங்கும் நேரத்தைவிட எழும் நேரத்தை நிலைப்படுத்துவது எளிது. விடுமுறை நாளிலும் ஏறத்தாழ அதே நேரத்தில் எழுந்து, எழுந்தவுடன் சற்று நேரம் வெளி வெளிச்சத்தில் இருந்தால், இரவில் உறக்கம் தானாகவே ஒரே நேரத்துக்கு வரத் தொடங்கும். உடலில் உள்ள காஃபினில் பாதி வெளியேறச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்குக் குடித்த காபியின் பாதி இரவு 11 மணிக்கும் உடலில் இருக்கிறது என்று பொருள். பிற்பகலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி தேவை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வகுப்புக்கு வேகமாக நடந்து போவதும் அதில் சேரும்.

மனச்சோர்வைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தேர்வுக்கு முன் பதற்றமும், மதிப்பெண் குறைந்தபின் வருத்தமும் இயல்பானவை; சில நாளில் தணிந்துவிடும். ஆனால் ஏறத்தாழ நாள் முழுவதும், இரண்டு வாரத்துக்கும் மேலாக, எதிலும் ஈடுபாடு இல்லாமல், உறக்கமும் பசியும் மாறி, வகுப்புக்குப் போகவே முடியாத நிலை நீடித்தால் அது மன உறுதியால் சரிசெய்ய வேண்டிய சோம்பல் அன்று. மருத்துவரையோ கல்லூரி மனநல ஆலோசகரையோ பார்க்க வேண்டிய நிலை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றே நம்பகமான ஒருவரிடம் சொல்லி அவருடைய துணையுடன் உதவியை நாடுங்கள். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால், “சில வாரங்களாக என்னால் எதையும் செய்ய முடியவில்லை, எனக்கு உதவி தேவை” என்ற அளவே போதும்.

வேலைக்கு வாரம் ஒரு மணி நேரம்

வேலைக்கான ஆயத்தத்தை இறுதியாண்டுக்கு ஒத்திவைப்பதுதான் வழக்கம். முதல் ஆண்டிலிருந்தே வாரத்தில் ஒரே ஒரு மணி நேரத்தை அதற்கென ஒதுக்கினால் இறுதியாண்டின் அவசரம் பெருமளவு குறையும். அந்த மணியைக் கொண்டு ஒரு பருவத்துக்கு ஒன்று என்ற கணக்கில், பிறரிடம் காட்டக்கூடிய ஏதாவது ஒன்றை முழுமையாகச் செய்து முடியுங்கள்: ஒரு சிறு மென்பொருள், ஒரு கள ஆய்வறிக்கை, ஒரு மொழிபெயர்ப்பு. பாதியில் நின்ற ஐந்தைவிட முடிந்த ஒன்று மேலானது.

தன்விவரக் குறிப்பில் பதவியை எழுதாமல் செய்ததை எழுதுங்கள். “மாணவர் மன்றச் செயலாளராகப் பணியாற்றினேன்” என்ற வரியைப் படிப்பவருக்கு எதுவும் தெரியாது. “மூன்று துறைகளைச் சேர்ந்த 12 மாணவர்களைக் கொண்டு இரண்டு நாள் கண்காட்சியை நடத்தி, அதன் வரவுசெலவுக் கணக்கை ஒரு வாரத்துக்குள் ஒப்படைத்தேன்” என்பதைப் படிப்பவருக்கு உங்களிடம் எந்தப் பொறுப்பைத் தரலாம் என்பது விளங்கும்.

வேலை பற்றிய தகவல் நெருங்கிய நண்பர்களைவிட எப்போதாவது சந்திக்கும் அறிமுகங்களின் வழியாகவே மிகுதியாக வருகிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதினார். நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருப்பதுதான் காரணம். எனவே மூத்த மாணவர்கள், பழைய மாணவர்கள், ஒரு கருத்தரங்கில் பேசக் கேட்டவர்கள் ஆகியோருக்கு எழுதத் தயங்காதீர்கள். வேலை கேட்காதீர்கள், அவர் மட்டுமே விடை சொல்லக்கூடிய ஒரு கேள்வியைக் கேளுங்கள்:

“மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம். நான் புள்ளியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. நீங்கள் போக்குவரத்துத் தரவுகளில் பணியாற்றுவதாக எங்கள் பேராசிரியர் கூறினார். பேருந்துக் காத்திருப்பு நேரம் குறித்து ஒரு சிறு பகுப்பாய்வை நான் இந்தப் பருவத்தில் முடித்திருக்கிறேன். பணியின் முதல் ஆண்டில் உங்களுக்கு எந்தத் திறன் அதிகம் தேவைப்பட்டது என்பதை அறிய விரும்புகிறேன். வரும் இரண்டு வாரங்களில் உங்களுக்கு ஏற்ற நேரத்தில் பதினைந்து நிமிடம் பேச இயலுமா?”

பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு முறை பணிவாக நினைவூட்டிவிட்டு அடுத்தவருக்கு எழுதுங்கள். பதில் வந்து பேசினால், அன்றே நன்றி சொல்லுங்கள். அவர் சொன்னதில் ஒன்றைச் செய்து பார்த்து, ஒரு மாதம் கழித்து அதன் விளைவை இரண்டு வரியில் அவருக்கு எழுதுங்கள்.