காயில்ஓவர் போட்ட இம்ப்ரெசாவில் 'டக் டக்' சத்தமா? மேல் மவுண்ட்டை மாற்றும் விதம்

இரண்டாம் தலைமுறை சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸில் காயில்ஓவர் (ஷாக்கும் உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்கும் சேர்ந்த செட்) மாட்டி ஓட்டுகிறவர்கள் பலரும் ஒருநாள் இந்தச் சத்தத்தைக் கேட்பார்கள். வேகமாகப் போகும்போது ஒன்றும் இருக்காது, ஆனால் குண்டும் குழியுமான தெருவில் மெதுவாக உருட்டினால் முன்பக்கம் 'டக் டக்' என்று உள்ளே வரை கேட்கும். ஷாக் போய்விட்டது என்று முடிவுகட்டி முழு செட்டுக்கும் பணம் கொடுத்துவிடாதீர்கள், பல நேரம் குற்றவாளி மேல் மவுண்ட்தான், அதாவது ஷாக்கின் மேல்முனையைக் கார் உடலோடு இணைக்கும் பாகம்.

கம்பெனி மவுண்ட்டில் ரப்பர் இருக்கிறது, அதிர்வை அது வாங்கிக்கொள்ளும். காயில்ஓவரோடு வருவது பெரும்பாலும் பில்லோபால், அதாவது இரும்புக் கூட்டுக்குள் சுழலும் இரும்பு உருண்டை. ஸ்டியரிங் துல்லியமாக இருக்கும், சரி. ஆனால் மழைத்தண்ணீரும் மண்ணும் நேராக உள்ளே இறங்கும், குளிர்நாடு என்றால் சாலையில் போடும் உப்பும் சேர்ந்துகொள்ளும். கொஞ்சம் தேய்ந்து இடைவெளி விழுந்தாலே தட்ட ஆரம்பித்துவிடும்.

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று உறுதி செய்யுங்கள். போனட்டைத் திறந்து ஷாக் ராடின் மேல்முனையில் இருக்கும் நடுநட்டில் விரல் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொருவர் ஜாக்கியை மெதுவாக ஏற்றி இறக்கட்டும். மவுண்ட்டில் ஆட்டம் இருந்தால் அந்தத் தட்டு விரல்நுனியில் தெளிவாகத் தெரியும். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு 'டொய்ங்' என்று விடுபட்டால், மேலே சுழல வேண்டிய பேரிங் இறுகிவிட்டது. வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியை இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க்கும் இதே மாதிரிதான் சத்தம் போடும், அதனால் இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றி வைத்து மெதுவாக ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள், சத்தம் நின்றால் மவுண்ட்டைத் தொடவே வேண்டாம். இன்னொன்று, நடுநட்டு லூசாக இருந்தாலும் இதே சத்தம்தான் வரும். முதலில் அதை இறுக்கிப் பாருங்கள், செலவே இல்லாமல் முடிந்தாலும் முடியும்.

எதை வாங்குவது? தினமும் தெருவில் ஓடும் கார் என்றால் நான் ரப்பரைத்தான் சொல்வேன். சுபாருவின் பந்தயப் பிரிவான எஸ்டிஐயின் குரூப் என் (ராலி பந்தய வகுப்பின் பெயர்) மவுண்ட் கம்பெனி ரப்பரை விட இறுக்கம், பில்லோபாலை விட அமைதி, தெருவுக்கு அது போதும். ஆனால் உங்கள் காயில்ஓவரின் ராடும் மேல் ஸ்பிரிங் தட்டும் அதில் உட்காருமா என்று அளந்துவிட்டு வாங்குங்கள், பல செட்டுகளுக்குத் தனி அடாப்டர் தேவைப்படும். பில்லோபாலையே வைத்துக்கொள்வதானால் முழு மவுண்ட்டையும் மாற்ற வேண்டியதில்லை. வளையக் கிளிப்பை எடுத்து, உருண்டை பேரிங்கை மட்டும் வைஸில் அழுத்தி வெளியே தள்ளி, உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் அளந்து பேரிங் கடையில் கேளுங்கள். டெஃப்லான் உறை உள்ளது கிடைத்தால் நல்லது, அதற்கு கிரீஸ் போடக்கூடாது.

இனி வேலை. காரை ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை வைக்க வேண்டாம். பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் ஸ்ட்ரட்டிலிருந்து (ஷாக், ஸ்பிரிங், மவுண்ட் சேர்ந்த முழு அமைப்பு) விடுவியுங்கள். நக்கிளை (சக்கரம் மாட்டியிருக்கும் இரும்புப் பாகம்) ஸ்ட்ரட்டோடு பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டில் மேலே உள்ளதுதான் சக்கரச் சாய்வை மாற்றும் கேம்பர் போல்ட், அதன் தலை எந்த நிலையில் இருக்கிறது என்று பெயின்ட்டில் கோடு போட்டுவிட்டுக் கழற்றுங்கள். நக்கிள் வெளியே சாய்ந்து ஹோஸில் தொங்கிவிடாமல் கம்பியால் கட்டிவையுங்கள். கடைசியாக மேலே 12 மில்லிமீட்டர் ஸ்பேனர் பிடிக்கும் மூன்று நட்டு, மூன்றாவதைக் கழற்றும்போது ஸ்ட்ரட்டை ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். நடுநட்டை மட்டும் இப்போது தொடவே கூடாது. அமுங்கிய ஸ்பிரிங் மவுண்ட்டோடு பாய்ந்தால் முகமோ கையோ போய்விடும்.

காயில்ஓவரில் ஸ்பிரிங்கைக் கீழிருந்து தாங்கும் திருகு வளையமான காலரை இறக்கினாலே ஸ்பிரிங் தளர்ந்துவிடும். அதற்கு முன் காலர் எங்கே நின்றது என்று அளந்து எழுதி வையுங்கள். லோயரிங் ஸ்பிரிங் (காரின் உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங்) மட்டும் போட்ட கார் என்றால் ஸ்பிரிங் கம்ப்ரசர் கட்டாயம். ஸ்பிரிங் கையால் சுழலும் அளவு தளர்ந்த பிறகு, ராடை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு ரிங் ஸ்பேனரால் நடுநட்டைக் கழற்றுங்கள். இங்கே இம்பாக்ட் கன் வேண்டாம், ராட் சேர்ந்து சுழன்று ஷாக்கின் சீல் கெட்டுப்போகும்.

வாஷர், ஸ்பேசர் வரும் வரிசையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில்லோபாலின் உள்வளையம் மேலும் கீழும் ஸ்பேசருக்கிடையே இறுகி நிற்க வேண்டும், ஒரு ஸ்பேசர் விட்டுப்போனால் புது பேரிங்கும் தட்டும். ஸ்பிரிங் முனை தட்டின் பள்ளத்தில் சரியாக உட்காரட்டும். நடுநட்டு புதிதாகவே இருக்கட்டும், பழைய லாக் நட் பிடிமானம் இழந்திருக்கும். மேல் மூன்று நட்டுக்கும் 20 நியூட்டன் மீட்டர் போதும், அதற்கு மேல் முறுக்கினால் மவுண்ட்டின் ஸ்டட் முறியும். மற்றவற்றுக்கு உங்கள் கார் ஆண்டின் மேனுவலையும் காயில்ஓவர் தாளையும் பாருங்கள்.

இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். கேம்பர் போல்ட் பெயின்ட் கோட்டுக்குப் பொருந்தி உட்கார்ந்தாலும் வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். கொஞ்ச நாள் ஓட்டிய பிறகு எல்லா நட்டையும் டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபாருங்கள். அப்போதும் தட்டினால் அடுத்துப் பார்க்க வேண்டியது நக்கிளைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட்.