வயிறு சொன்னால் அன்றைக்கே, அசதி சொன்னால் ஆற அமர

சேலம் அம்மாபேட்டையில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். சத்து மாத்திரை வாங்க வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விதான். "அக்கா, இதைப் போட்டா வயிறு ஒரு மாதிரி பண்ணுது, விட்டுடட்டுமா?" என்பது ஒன்று. "ஒரு அட்டை முடிஞ்சிருச்சு, ஒண்ணும் தெரியலையே, ரெண்டா போட்டுக்கட்டுமா?" என்பது இன்னொன்று. இரண்டுக்குமே பதில் சொல்லும் முன், உடம்பில் எது புகார் சொல்கிறது என்று கேட்பேன். வயிறு சொன்னால் அன்றைக்கே கேட்கலாம். அசதியும் முடியும் தூக்கமும் சொல்வதை வாரக்கணக்கில் கவனித்த பிறகுதான் நம்பலாம். சில சத்துகள் கூடினாலும் குறைந்தாலும் உடம்பு வாயே திறக்காது. அங்கே ரத்தப் பரிசோதனை இல்லாமல் கை வைக்கக் கூடாது.

இதெல்லாம் நீங்களாக வாங்கிச் சாப்பிடும் மாத்திரைகளுக்கு. டாக்டர் சீட்டில் எழுதியதைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் வேலை. கர்ப்பமாக இருப்பவர்கள், கிட்னி பிரச்சினை உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் தாங்களாக எதையும் சேர்க்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

முதலில் வீட்டில் இருக்கிற டப்பா, அட்டை, பவுடர் எல்லாவற்றையும் ஒரு இடத்தில் பரப்பி வைத்துப் பின்பக்கத்தைப் படியுங்கள். கால்சியம் மாத்திரைக்குள் வைட்டமின் டி இருக்கும். மல்டிவைட்டமினிலும் இருக்கும். வாரம் ஒருமுறை பாலில் கலந்து குடிக்கிற சாஷேயும் அதேதான். பையன் பெங்களூரிலிருந்து அனுப்பிய ஜிம் பவுடரில் என்னென்ன இருக்கிறது என்று வீட்டில் ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள். ஒரே சத்து மூன்று வழியில் உள்ளே போகிறது என்றால், எதைக் கூட்டலாம் என்ற பேச்சே வேண்டாம். எதை நிறுத்தலாம் என்று பாருங்கள்.

அப்புறம், பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டர் இருக்கிறதல்லவா, அதிலேயே எழுதுங்கள். என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, அன்றைக்கு வயிறு எப்படி, இவ்வளவு போதும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். புது மாத்திரை ஆரம்பித்த அதே வாரத்தில் காலை டிபனை விட்டுவிட்டு வாக்கிங்கும் தொடங்கினால், எது என்ன செய்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

ஏற்காட்டுக்கு எஸ்டேட் வேலைக்குப் போகும் ஒரு அண்ணன், ஜிங்க் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, வாந்தி வருகிறது என்று வந்தார். விசாரித்தால், விடியற்காலையில் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு முதல் பஸ் ஏறுகிறார். இருபது கொண்டை ஊசி வளைவு! குமட்டியது மாத்திரையா மலையா என்று அந்தப் பஸ்ஸில் வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது? வெறும் வயிற்றில் ஜிங்க் குமட்டும் என்பது உண்மைதான். அதனால் மாத்திரையை மட்டும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்றேன். வாந்தி நின்றது. மாற்றிய பிறகும் வந்திருந்தால் மாத்திரை மேல் பழி போட முடியாது.

வயிற்றுப் புகாருக்கெல்லாம் இந்த வரிசையில்தான் போக வேண்டும். முதலில் நேரத்தை மாற்றுங்கள், பிறகு சாப்பாட்டோடு சேருங்கள், பிறகு அளவைக் குறையுங்கள், அதற்கும் சரியாகவில்லை என்றால் வேறு வகை கேளுங்கள். நிறுத்துவது கடைசி. கால்சியம் கார்பனேட் மலச்சிக்கல் தந்தால் சிட்ரேட் இருக்கிறது. மெக்னீசியம் வயிற்றை இளக்கினால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம், பாதியாக்குங்கள். வைட்டமின் சி நிறையப் போனாலும் அதே கதைதான். மீன் எண்ணெய் ஏப்பம் சாப்பாட்டோடு சாப்பிட்டால் பெரும்பாலும் அடங்கும்.

இரும்புச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் பாதியில் விடுவது அதைத்தான். வெறும் வயிற்றில் நன்றாக உறிஞ்சப்படும், ஆனால் வயிற்றைப் பிசையும். காபி, டீயோடு சாப்பிட்டால் பெரும்பகுதி வீண். ஏற்காட்டுக் காபி மணக்கிற ஊரில் இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். காபியை விடச் சொல்லவில்லை. மாத்திரைக்கும் காபிக்கும் நடுவில் ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். கால்சியமும் கூடவே வேண்டாம். எலுமிச்சைச் சாறோ ஒரு நெல்லிக்காயோ கூட இருந்தால் நல்லது. இவ்வளவுக்குப் பிறகும் வயிறு கேட்கவில்லை என்றால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒரு வேளை இரும்பு போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, ஏறக்குறைய ஒரு நாளைக்கு அடுத்த இரும்பை உள்ளே விடாமல் மறிக்கும். அதனால் இடைவெளி விடுவதில் நஷ்டம் குறைவு, வயிற்றுக்கும் ஓய்வு. கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தருகிற சிவப்பு மாத்திரை (60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம்) மட்டும் அவர்கள் சொன்னபடி தினமும்.

தெம்பு வந்துவிட்டது என்று இரும்பை நிறுத்துவதுதான் இன்னொரு தொல்லை. ஹீமோகுளோபின் நார்மலுக்கு வந்தாலும் சேமிப்பு காலியாகத்தான் இருக்கும். அதை நிரப்ப மேலும் மூன்று மாதம் போலத் தொடரச் சொல்வார்கள். சேமிப்பு எவ்வளவு என்பதை ஃபெரிட்டின் என்ற டெஸ்ட் காட்டும், தெம்பு காட்டாது. சிவப்புச் சர்க்கரைப் பூச்சு மாத்திரையைக் குழந்தைகள் மிட்டாய் என்று எடுத்து வாயில் போட்டுவிடும். உயிருக்கே ஆபத்து, எட்டாத உயரத்தில் வையுங்கள்.

நிறம் மாறினால் பயப்பட வேண்டாம். இரும்பு சாப்பிட்டால் மலம் கறுக்கும். பி காம்ப்ளெக்ஸ் சாப்பிட்டால் சிறுநீர் பளீரென்று மஞ்சளாகும், அது ரிபோஃப்ளேவின். சிறுநீர் சிவப்பாகப் போகிறது, மாத்திரையை நிறுத்தட்டுமா என்று பதறி வந்தவரிடம் நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்றால், சாயங்காலம் இரண்டு பிளேட் தட்டுவடை செட். நம்மூர் செட்டில் பீட்ரூட் துருவலைக் கொஞ்சமாகவா போடுகிறார்கள்? ஆனால் தார் மாதிரி ஒட்டும் கறுப்பு மலம், அதுவும் இரும்பு சாப்பிடாதபோது, அல்லது பீட்ரூட் சாப்பிடாமலே சிவந்த சிறுநீர் என்றால் கடைக்கு வராதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அசதியை வைத்து மாத்திரையைக் கூட்டவே கூடாது என்பது என் கட்சி. ஆடித் திருவிழாவில் ராத்திரியெல்லாம் விழித்திருந்துவிட்டு மறு வாரம் "மல்டிவைட்டமின் வேலை செய்யலை" என்றால் அது என்ன செய்யும்? கத்திரி வெயிலில் தறிக் கூடத்தில் நின்றாலும் அசதிதான். தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை, எல்லாமே அசதியாகத்தான் முதலில் தெரியும். எட்டு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டும் மாற்றமில்லை என்றால் இரண்டாவது மாத்திரைக்குப் பணம் கொடுப்பதற்குப் பதில் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

இதில் மோசமானது, சில சத்துகள் கூடிப்போனால் குறைவு போலவே வேஷம் போடும். வைட்டமின் டி 60,000 யூனிட் மாத்திரையை வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று எழுதித் தருவார்கள். எட்டு வாரம் முடிந்ததும் சீட்டு எங்கோ போய்விடும், மாத்திரை மட்டும் தொடரும். அது கொழுப்பில் தங்கும் சத்து, சீக்கிரம் வெளியேறாது. மிதமிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், அசதி எல்லாம் வரும். சேலத்து ஏப்ரலில் தாகம் எடுக்கிறது என்றால் யார் மாத்திரையைச் சந்தேகப்படுவார்கள்? அசதிக்கு இன்னொன்று போட்டுக்கொள்வார்கள். இந்த அறிகுறிகள் இருந்தால் நிறுத்திவிட்டுக் கால்சியமும் வைட்டமின் டியும் பார்த்துவிடுங்கள்.

நரம்பு மாத்திரையும் இப்படித்தான். கால் மதமதப்புக்கு என்று வாங்குகிற மாத்திரையில் பி12 மட்டும் இல்லை, பைரிடாக்ஸின் என்ற பி6-ம் இருக்கும். பி6 நீண்ட நாள் அதிக அளவில் போனால் அதுவே காலை மதமதக்க வைக்கும், எரிச்சல் தரும். அமெரிக்காவில் பெரியவர்களுக்கு உச்ச வரம்பு நாளைக்கு 100 மில்லிகிராம். ஐரோப்பாவில் 2023-ல் 12 ஆகக் குறைத்துவிட்டார்கள். மதமதப்பு கூடுகிறது என்றால் மாத்திரையைக் கூட்டாமல் அட்டையில் பி6 எவ்வளவு என்று பாருங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருஷமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 உண்மையிலேயே குறையலாம், அவர்கள் டெஸ்ட் எடுப்பது நல்லது. ஃபோலிக் அமிலத்தை மட்டும் தனியாகச் சாப்பிட்டால் ரத்தசோகை சரியானது போலத் தெரியும், நரம்பு பாதிப்பு உள்ளுக்குள் நடந்துகொண்டே இருக்கும். அதே சமயம் புரட்டாசி ஒரு மாதம் கறி சாப்பிடவில்லை, பி12 போட்டுக்கட்டுமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். கல்லீரல் அதை வருஷக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கும்.

முடிக்குச் சாப்பிடும் பயோட்டின் 5, 10 மில்லிகிராம் அளவில் வருகிறது. தேவைக்குப் பல மடங்கு. உடம்புக்குத் தொந்தரவு தெரியாது, ஆனால் தைராய்டு டெஸ்டையும் மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனின் டெஸ்டையும் தவறாகக் காட்ட வைக்கலாம். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாளாவது முன்பே நிறுத்துங்கள், லேபிலும் சொல்லிவிடுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கால்சியத்தையும் இரும்பையும் நான்கு மணி நேரம் தள்ளி வையுங்கள். இல்லையென்றால் தைராய்டு மருந்து உறிஞ்சப்படாமல் அசதி கூடும், அதற்கும் சத்து மாத்திரை மேல்தான் பழி விழும்.

உடம்பில் தடிப்பு, முகம் வீக்கம், மூச்சிரைப்பு வந்தாலோ, கண் மஞ்சளாகிச் சிறுநீர் அடர்ந்து போனாலோ உடனே எல்லாவற்றையும் நிறுத்தி டாக்டரைப் பார்க்க வேண்டும். மூலிகை என்று வாங்கியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அமுக்கரா மாத்திரை கூட அபூர்வமாகக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது.

கடைக்கு வரும்போது ஒரு உதவி. அட்டையில் பெயரும் காலாவதித் தேதியும் எந்த ஓரத்தில் இருக்கிறதோ அந்த ஓரத்து மாத்திரையைக் கடைசியில் சாப்பிடுங்கள். "அந்த வட்டமா, ரோஸ் கலர்ல இருக்குமே" என்று பெயர் இல்லாத துண்டை நீட்டினால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. ரோஸ் கலரில் என் அலமாரியில் மட்டும் ஒரு வரிசையே இருக்கிறது.