வேலைக்குப் போகும் பெற்றோருக்கு யாழ்ப்பாணத்தில் உள்ள உதவிகளும் அவற்றைப் பெறும் வழிகளும்

தாயும் தகப்பனும் வேலைக்குப் போகும் யாழ்ப்பாணத்து வீடுகளில், பிள்ளையை யார் பார்ப்பது என்று கேட்டால் "அம்மம்மா இருக்கிறா தானே" என்பதே பெரும்பாலும் பதிலாக வருகிறது. அந்தப் பதில் எத்தனையோ வீடுகளைத் தாங்கியிருக்கிறது. ஆனால் அம்மம்மாவுக்கு முழங்கால் வருத்தம் கூடிய நாளிலோ, அவர் கொழும்பில் இருக்கும் மற்ற மகளின் பிரசவத்துக்குப் போன மாதத்திலோ, வேறு ஏற்பாடு எதுவும் இல்லாத வீடு நிலைகுலைந்து போகிறது. சட்டம் தரும் உரிமைகளையும், அரச அலுவலகங்கள் தரும் சேவைகளையும், உறவும் அயலும் தரும் ஒத்தாசையையும் தேவை வருவதற்கு முன்பே ஒன்றோடொன்று சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

ஒரு கொப்பியை எடுத்து, காலை ஆறு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் எதிரே, அந்நேரம் பிள்ளையோடு இருப்பவர் யார் என்று எழுதுங்கள். பாடசாலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு விடுகிறது. அரச அலுவலகம் நாலேகால் வரை நடக்கிறது. நகரத்துக் கடைகள் பல ஆறு மணிக்குப் பின்னும் திறந்திருக்கின்றன. பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் வந்துபோகும் ஒருவருக்குப் பேருந்து நேரமும், நெடுந்தீவில் படிப்பிக்கும் ஆசிரியைக்குக் குறிகட்டுவான் படகு நேரமும் இவற்றோடு சேர்கின்றன. எழுதி முடித்தபின், பெயர் எதுவும் இல்லாத இடங்களும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும் இடங்களும் கண்ணில் படும். உதவி தேட வேண்டியது அந்த இடங்களுக்குத்தான்.

மகப்பேற்று விடுமுறை

பிள்ளை பிறக்கும் முன் தாய் அறிந்திருக்க வேண்டியது, தன் வேலைக்கு எந்தச் சட்டம் பொருந்துகிறது என்பதாகும். கடை, வங்கி, தனியார் அலுவலகம் போன்றவற்றில் வேலை செய்வோருக்கு 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் பொருந்தும். தொழிற்சாலை போன்ற இடங்களில் வேலை செய்வோருக்கு 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பொருந்தும். அரச ஊழியர்களுக்குத் தாபனக் கோவை, அதாவது அரச சேவையின் விதித் தொகுப்பு, பொருந்தும். முதல் சட்டத்தின்படி 84 நாள் விடுமுறை உண்டு. வார விடுமுறைகளும் போயா நாட்களும் பொது விடுமுறைகளும் அந்தக் கணக்கில் சேரமாட்டா என்பதால், கலண்டரில் அது மூன்று மாதத்தை நன்றாகவே தாண்டும். இரண்டாவது சட்டத்தில் அது பன்னிரண்டு வாரம். முன்பு மூன்றாம் பிள்ளையிலிருந்து இந்த விடுமுறை பாதியாகக் குறைக்கப்பட்டிருந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தங்களின் பின் எத்தனையாவது பிள்ளையானாலும் முழு விடுமுறை உண்டு. பழைய கணக்கையே இன்னும் சொல்லும் முகாமையாளர்கள் இருக்கக்கூடும் என்பதால், இந்த ஆண்டை நினைவில் வைத்திருப்பது நல்லது.

அரச ஊழியரான தாய்க்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்களும், அதன்பின் அரைச் சம்பளத்துடன் 84 நாட்களும், அதற்கும் பின் சம்பளமின்றி 84 நாட்களும் எடுக்க வழியுண்டு. அரைச் சம்பள விடுமுறையை எடுப்பதா இல்லையா என்பதை, வீட்டுக் கடன், சீட்டுக்காசு, பிள்ளைப் பராமரிப்புச் செலவு ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்த பிறகே தீர்மானியுங்கள். மாதம் முழுவதும் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துப் பிள்ளையைப் பார்க்கும் செலவோடு ஒப்பிட்டால், இழக்கும் அரைச் சம்பளம் நினைத்த அளவுக்குப் பெரிதாக இராமலும் போகலாம்.

விடுமுறைக் கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். எதிர்பார்க்கும் பிரசவ திகதி, விடுமுறை தொடங்கும் நாள், திரும்பும் நாள் ஆகியவற்றை எழுதி, மருத்துவச் சான்றையும் இணைத்து, ஒரு பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சிறிய கடைகளில் முதலாளி தெரிந்தவராகவோ சொந்தக்காரராகவோ இருப்பார். அவரிடம் கடிதம் கொடுப்பது மரியாதைக் குறைவாகப் படலாம். அப்படி எண்ண வேண்டாம். வாய்ப்பேச்சில் தொடங்கிய ஏற்பாடு வாய்ப்பேச்சிலேயே மாறிவிடும். கடிதமோ இரண்டு தரப்புக்கும் பாதுகாப்பு. கர்ப்பத்தையோ பிரசவத்தையோ காரணமாகக் கொண்டு வேலையிலிருந்து நிறுத்துவது சட்டவிரோதம். அப்படி நேர்ந்தால், நியமனக் கடிதம், சம்பளச் சிட்டைகள், விடுமுறைக் கடிதத்தின் பிரதி ஆகியவற்றோடு யாழ்ப்பாணத்திலுள்ள தொழில் திணைக்கள அலுவலகத்தில் தமிழிலேயே முறைப்பாடு செய்யலாம்.

வேலைக்குத் திரும்பும் மாதம்

பிரசவத்தைவிடக் கடினமான காலம் இது என்று சொல்லும் தாய்மார் அநேகர். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது நமது சுகாதாரத் துறையின் அறிவுறுத்தல். விடுமுறையோ அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. இந்த இடைவெளிக்காகவே சட்டம் பாலூட்டும் இடைவேளையைத் தந்திருக்கிறது. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்க்கு, வேலை நாளில் இரண்டு இடைவேளைகள் உண்டு. வேலைத்தளத்தில் பிள்ளைப் பராமரிப்பிடமோ தகுந்த வேறு இடமோ இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. இவை சாப்பாட்டு நேரத்துக்கு மேலதிகமானவை. 2018 வரை கடை, அலுவலக ஊழியருக்கு இந்த உரிமை இருக்கவில்லை, இப்போது இருக்கிறது. கொக்குவிலிலோ நல்லூரிலோ வீடு இருந்து நகரத்தில் வேலை செய்பவர் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்ப் பாலூட்டித் திரும்பிவிடலாம். தூரத்திலிருந்து வருபவர், இரண்டு இடைவேளைகளையும் சேர்த்துப் பின்னேரம் முன்னதாக வெளியேற விடும்படி கேட்டுப் பார்க்கலாம். இது முதலாளியின் சம்மதத்தைப் பொறுத்தது, என்றாலும் கேட்காமல் விடாதீர்கள்.

எடுத்துவைக்கும் தாய்ப்பாலைப் பற்றி உங்கள் பகுதியின் குடும்பநல சுகாதார உத்தியோகத்தரிடம், அதாவது வீட்டுக்கு வரும் மிட்வைஃபிடம், விடுமுறை முடிவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே பேசுங்கள். 25 பாகை செல்சியஸ் வரையான அறையில் அந்தப் பால் நாலு மணித்தியாலமும், குளிர்சாதனப் பெட்டியில் நாலு நாட்களும் இருக்கும். யாழ்ப்பாணத்து வெயிலில் பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டுவதால், அறையில் வைக்கலாம் என்ற நம்பிக்கையே வேண்டாம். எடுத்தவுடன் பெட்டிக்குள் வையுங்கள். கொடுக்கும்போது அடுப்பில் நேரே சூடாக்காமல், இளஞ்சூட்டுத் தண்ணீருக்குள் பாத்திரத்தை வைத்து எடுக்க வேண்டும். போத்தலுக்குப் பதிலாகச் சிறிய கோப்பையாலும் கரண்டியாலும் பருக்குவதை அம்மம்மாவோ பராமரிப்பவரோ முதலே பழகிக்கொண்டால், வேலைக்குத் திரும்பும் முதல் நாள் இரு பக்கத்துக்கும் இலகுவாக இருக்கும்.

தடுப்பூசித் திகதிகள் பிள்ளை பிறந்த அன்றே கணக்கிடக்கூடியவை. இரண்டு, நாலு, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, பதினெட்டு மாதங்களிலும், மூன்று வயதிலும், ஐந்து வயதிலும் கிளினிக் போக வேண்டியிருக்கும். சிறுவர் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைப் பார்த்து அந்தத் திகதிகளைக் கலண்டரில் குறித்து, அரை நாள் லீவை முன்கூட்டியே கேளுங்கள். எந்த முறை தாய், எந்த முறை தகப்பன் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

தகப்பனின் பங்கு

அரச ஊழியரான தகப்பனுக்கு, பிள்ளை பிறந்து மூன்று மாதத்துக்குள் எடுக்கக்கூடிய மூன்று நாள் விடுமுறை உண்டு. தனியார் துறையில் சட்டப்படி அதுவும் இல்லை. இது போதாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் தனியார் கடை, அலுவலகங்களில் ஒரு வருடத்தைத் தாண்டிய ஊழியருக்கு வருடத்துக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையும் திடீர்த் தேவைகளுக்கு எடுக்கும் 7 நாள் அமய விடுமுறையும் உண்டு. தகப்பனின் அந்த ஏழும் தாயின் ஏழும் சேர்ந்து பதினாலு நாள். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில், குறிப்பாகக் கார்த்திகை முதல் தை வரை, யாழ்ப்பாணத்தில் டெங்கு பெருகுகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஒருவர் வீட்டில் நின்றே ஆக வேண்டும். ஆகவே அமய விடுமுறையை ஆவணிக்குள் முடித்துவிடாமல், பாதியையாவது மழைக்காலத்துக்கு மிச்சம் பிடியுங்கள். தகப்பன் வெளிநாட்டிலோ வன்னியிலோ வேலை செய்யும் வீடுகளில் இந்தக் கணக்கு பாதியாகிவிடுகிறது. அங்கே இரண்டாவது ஆளாகச் சித்தியையோ மாமாவையோ இப்போதே பேசி வைத்துக்கொள்வது அவசியம்.

முன்பள்ளியும் பகல்நேரப் பராமரிப்பும்

முன்பள்ளி மூன்று வயதிலிருந்து பிள்ளையை எடுக்கும். ஆனால் அது நண்பகலுக்கு முன்பே முடிந்துவிடும் என்பதால், வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அது பராமரிப்பு ஏற்பாடு ஆகாது. முன்பள்ளி விட்ட பிறகும் பிள்ளையை வைத்திருக்கும் பகல்நேரப் பராமரிப்பு நிலையங்கள் நகரப் பகுதியில் இயங்குகின்றன. உங்கள் பகுதியில் எவை உள்ளன என்பதைப் பிரதேச செயலகத்திலுள்ள முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரிடமோ மிட்வைஃபிடமோ கேட்டறியலாம். மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. உங்கள் கிராம அலுவலர் பிரிவு எதற்குள் வருகிறதோ அங்கேயே போக வேண்டும்.

நிலையத்தை நேரில் பாருங்கள், அதுவும் சொல்லாமல் ஒரு முற்பகல் வேளையில். முதலில் கிணற்றைப் பாருங்கள். நமது வளவுகளில் கிணறு இல்லாத வீடு அரிது. கட்டு உயரமாக இருக்கிறதா, மேலே வலையோ மூடியோ போட்டிருக்கிறதா, தண்ணீர்த் தொட்டிகள் மூடியிருக்கின்றனவா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்ட வேண்டாம். பிறகு ஒருவரின் பொறுப்பில் எத்தனை பிள்ளைகள், கேற்றைப் பூட்டுபவர் யார், பிள்ளையைக் கூட்டிப்போக வருபவரின் பெயரை எழுதி வைக்கிறார்களா, காய்ச்சல் வந்தால் யாருக்கு அறிவிப்பார்கள் என்று கேளுங்கள். மாமி முறையான ஒருவரோ அயல் வீட்டு அக்காவோ பார்ப்பதானாலும் இதே கேள்விகள் பொருந்தும். சொந்தக்காரர் என்பதற்காகக் கிணறு ஆழம் குறைந்துவிடாது.

ஒன்றரை மணிக்குப் பிறகு

பாடசாலைப் பிள்ளையின் பின்னேரத்தை இங்கே ரியூசனால் நிரப்புவது வழக்கமாகிவிட்டது. பெற்றோர் வேலையில் இருப்பதனால் மட்டும் ஒரு பிள்ளை ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்கு ஓட வேண்டியிருந்தால், அந்த ஏற்பாட்டை மறுபடி யோசிக்க வேண்டும் என்று பெற்றோரை மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைக்கு முதலில் சோறு வேண்டும், பிறகு ஓய்வு வேண்டும். ஒரே ஒழுங்கையில் இருக்கும் மூன்று நாலு குடும்பங்கள் சேர்ந்து, கிழமைக்கு ஒரு நாள் ஒரு வீடு என்று முறை வைத்துப் பிள்ளைகளைப் பார்க்கலாம். இரவு வேலை செய்யும் தாதியரும் முறை மாறி வேலை செய்வோரும் பகலில் வீட்டில் இருப்பார்கள் என்பதால், அவர்கள் பங்கெடுத்து, தங்கள் பிள்ளைகளை மற்ற நாட்களில் ஒப்படைக்கலாம். நகரத்துக்கு அருகில் இருப்போருக்கு யாழ் பொது நூலகத்தின் சிறுவர் பகுதி இன்னொரு நல்ல இடம், ஆனால் சிறு பிள்ளையோடு பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். சித்திரை, ஆவணி, மார்கழி விடுமுறைகளுக்கான ஏற்பாட்டை ஒவ்வொரு தவணையும் தொடங்கும்போதே பேசி முடியுங்கள்.

ஓட்டோவிலோ வானிலோ பிள்ளை வருவதானால், நீங்கள் பெயர் சொன்னவரைத் தவிர வேறு யாரிடமும் சாரதி பிள்ளையை ஒப்படைக்கக் கூடாது என்பதை அவரோடு தெளிவாகப் பேசிக்கொள்ள வேண்டும். பிள்ளையின் பாதுகாப்புப் பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தை அழையுங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார்.

வீட்டிலிருந்தே தையல், பனையோலைக் கைப்பணி, சாப்பாடு செய்து விற்றல் போன்ற தொழில் செய்யும் தாய்மாருக்கு மேலே சொன்ன விடுமுறைச் சட்டங்கள் எட்டுவதில்லை. அவர்களுக்குக் கிளினிக் சேவையும், திரிபோஷ உள்ளிட்ட போஷாக்கு உதவியும், பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஊடாகக் கேட்டறியக்கூடிய உதவிகளும் உண்டு. குறைந்த வருமானமுள்ள குடும்பங்கள் 2023இல் தொடங்கிய அஸ்வெசும நலன்புரித் திட்டத்துக்குத் தகுதியுண்டா என்பதையும் அங்கே விசாரிக்கலாம்.

கடைசியாக, பார்ப்பவரையும் பார்க்க வேண்டும். அம்மம்மாவுக்கும் அப்பம்மாவுக்கும் கிழமையில் ஒரு முழு நாள் ஓய்வைக் கொப்பியிலேயே எழுதிக் கொடுங்கள். கோயிலுக்குப் போவதோ சும்மா படுத்திருப்பதோ அவர்கள் விருப்பம். பிரசவத்தின் பின் தாய்க்குத் தொடர்ந்து இரண்டு கிழமைக்கு மேல் அழுகையும் நித்திரைக் குழப்பமும் பிள்ளையில் பற்றின்மையும் இருந்தால், அதை மனம் பலவீனமானதாக எண்ணி மறைக்காமல் மிட்வைஃபிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தில் எந்நேரமும் பேசலாம். வீட்டுக்குள் வன்முறை இருந்தால் பெண்களுக்கான 1938 என்ற இலக்கம் இருக்கிறது. இந்த இலக்கங்களை, 1990 அம்புலன்ஸ் இலக்கத்தோடு சேர்த்து, பிள்ளையைப் பார்ப்பவர் காணக்கூடியதாகக் குசினிச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள்.