குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஞாயிற்றுக்கிழமை ஆள் கிடைத்து, திங்கட்கிழமையே குழந்தையை ஒப்படைத்துவிட்டு ஆபீஸுக்கு ஓடுவதுதான் பலரும் செய்கிற பெரிய தவறு. லீவு கிடையாது, மாமியாருக்கு முட்டிவலி, ஏஜென்சிக்குப் பணமும் கட்டியாச்சு, எல்லாம் சரி. ஆனாலும் சில நாளாவது நீங்களும் வீட்டில் இருந்து, முதலில் பக்கத்திலேயே, அப்புறம் அடுத்த அறையில், அப்புறம் கடைக்குப் போய் வருகிற நேரம் என்று மெல்ல விலகுங்கள். அழுகிறதே என்று சொல்லாமல் நழுவிப் போகாதீர்கள். அப்படிப் போனால் மறுநாள் நீங்கள் பாத்ரூமுக்குப் போனால்கூடக் கதவைத் தட்டி அழும்.

ஆளைத் தேடும்போது "தெரிந்தவர் சொன்னார்" என்பது போதாது. முன்பு வேலை பார்த்த வீட்டுக்குப் போன் போட்டு, ஏன் நின்றார் என்று கேளுங்கள். ஆதார் நகல் வாங்கிக்கொள்ளுங்கள், போலீஸ் சரிபார்ப்பும் செய்துவிடுங்கள். ஊரிலிருந்து ஒரு சின்னப் பொண்ணை வரவழைக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம்.

மருந்து விஷயத்தில்தான் எனக்கு அதிக பயம். பாராசிட்டமால் சொட்டு மருந்தில் பொதுவாக 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும், சிரப்பிலோ 5 மில்லியில்தான் 120 அல்லது 250 இருக்கும். இரண்டு பாட்டிலும் ஒரே அலமாரியில் இருந்து, ஆயா சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து 5 மில்லி ஊற்றிக் கொடுத்தால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும், 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு அதிகபட்சமே 150தான். வீட்டில் ஒரே பாட்டில் வையுங்கள், டாக்டர் சொன்ன அளவை அதன்மேல் தமிழில் எழுதி ஒட்டுங்கள், எந்த மருந்தாக இருந்தாலும் உங்களுக்குப் போன் செய்யாமல் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். நன்றாகத் தூங்கட்டும் என்று இருமல் சிரப் கொடுப்பவர்களும் உண்டு, அதையும் வெளிப்படையாகவே பேசிவிடுவது நல்லது.

நிலக்கடலை, முழு திராட்சை கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பாத்ரூம் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைக்கிற பழக்கம் நம் வீடுகளில் போகாது, ஆனால் நடக்கத் தொடங்கிய குழந்தை அதில் தலைகுப்புற விழுந்தால் கொஞ்சம் தண்ணீரே போதும், சத்தம்கூட வராது. கதவு எப்போதும் தாழ்ப்பாளில் இருக்கட்டும்.

ஆயாவுக்கு உங்கள் வீட்டுக்கு வழி தெரியும், முகவரி தெரியுமா? 108க்குப் போன் செய்தால் அதைத்தான் கேட்பார்கள். பிளாட் எண், தெரு, பக்கத்தில் இருக்கும் கோயிலோ கடையோ, உங்கள் இருவர் நம்பர், எதிர்வீட்டு நம்பர், எல்லாம் பெரிய எழுத்தில் ஃபிரிட்ஜ் மேல் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் வாயால் சொல்லச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், குழந்தையைப் பார்க்க வந்தவரிடம் பாத்திரத்தையும் துணியையும் சேர்த்துத் தலையில் கட்டாதீர்கள். அவர் சிங்க்கில் நிற்கும்போது குழந்தை எங்கே இருக்கும்? கேமரா வைத்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். லீவு நாளையும் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள், தீபாவளிக்கு முந்தின நாள் இரவு அதற்காகச் சண்டை போட வேண்டியிருக்காது.