இலைச்சுருட்டுப் புழுவும் வேப்பங்கொட்டைக் கரைசலும்: நெல்லின் தற்காப்பைக் கெடுக்காமல் பயிரைக் காக்கும் முறை

சம்பாப் பயிர் தூர் கட்டும் நாள்களில், தஞ்சை, திருவாரூர், நாகை வயல்களில் நெல் தாள்கள் நீளவாக்கில் மடிந்து வெளுப்பதைக் கண்டவுடன் மருந்துக் கடைக்குக் கிளம்பிவிட வேண்டாம். மடிந்த தாள் ஒன்றை விரித்துப் பாருங்கள். நூலால் ஓரங்களை இழுத்துக் கட்டிய குழலுக்குள் வெளிர்பச்சைப் புழு ஒன்று பச்சையத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கும், சுரண்டிய இடம் வெள்ளைக் கோடாகத் தெரியும்.

பயிரும் அப்போது சும்மா இருப்பதில்லை. காயத்தையும் புழுவின் உமிழ்நீரையும் உணர்ந்த இலையில் ஜாஸ்மோனிக் அமிலம் என்னும் பயிர் ஹார்மோன் பெருகுகிறது. அதன் தூண்டுதலால், தின்ற புரதத்தைப் புழு செரிக்க முடியாதபடி தடுக்கும் பொருள்கள் உருவாகின்றன. காயம்பட்ட உருளை, தக்காளிச் செடிகளில் இத்தகைய தடுப்பான்கள் பெருகுவதை கிரீன், ரயன் என்னும் ஆய்வாளர்கள் 1972-இல் வெளியிட்டனர். நெல் இதோடு நில்லாமல் லினலூல் போன்ற மணப்பொருள்களையும் காற்றில் விடுகிறது. புழுவுக்கு எதிரியான ஒட்டுண்ணிக் குளவிகள் அந்த வாசனையைப் பிடித்து வந்து சேர்கின்றன. எடுத்த எடுப்பில் கடும் மருந்தை அடித்தால் முதலில் அழிவது இக்குளவிகள்தான் என்பதை நம் உழவர்கள் அவசியம் அறிய வேண்டும்.

ஆகவே முதலில் வயலுக்குள் இறங்கி எண்ணுங்கள். தூர் கட்டும் பருவத்தில் 10 சதவீத இலைகளும், பூக்கும் பருவத்தில் 5 சதவீத கண்ணாடி இலைகளும் (கதிரை ஒட்டிய மேல் இலை) சேதமடையும் வரை பொறுக்கலாம். தழைச்சத்து மிகுந்த இலையைப் புழு விரும்புமாதலால், யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் இலையின் பச்சை நிறத்தோடு ஒப்பிட்டுத் தழைச்சத்துத் தேவையை அறிய உதவும் இலை வண்ண அட்டையைப் பார்த்துப் பிரித்து இடுங்கள்.

சேதம் அந்த அளவைத் தாண்டினால் வேம்பின் தற்காப்பை நெல்லுக்குக் கொடுக்கலாம். வேப்பங்கொட்டையிலுள்ள அசாடிராக்டின் புழுவைத் தின்னவிடாது, தோலுரிக்கவும் விடாது. நிழலில் உலர்த்திய, பூஞ்சணம் பிடிக்காத 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவையுங்கள். காலையில் பால் போல வெளுக்கும் வரை கலக்கி, இரட்டை மெல்லிய துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்கி, இலையில் ஒட்டுவதற்குக் குழைத்த சோப்பைச் சேருங்கள். ஏக்கருக்கு இதைப்போல் இரு மடங்கு தேவைப்படும். வெயிலில் அசாடிராக்டின் சிதைந்துவிடுமாதலால், மாலையில், அன்றைய கரைசலை அன்றே தெளித்துவிடுங்கள். மழை வரும் போலிருந்தால் தள்ளிப்போடுங்கள்.

புழு மறுநாளே செத்து விழாது. வெளுத்த இலை மீண்டும் பச்சையாவதுமில்லை. எனவே பலனைப் பழைய தாள்களில் தேடாமல், தெளித்த பின் விடும் புதுத் தாள்களில் பாருங்கள்.