விதை சேமிக்கிறப்ப பண்ணக் கூடாத தப்புகள், முக்கியமா அந்த ஈரம்

விதைத் திருவிழா சீசன் முடிஞ்சு அடுத்த ஆடி நெருங்குறப்ப போன் வர ஆரம்பிச்சிடும். "அண்ணா, போன வருஷம் ஆசையா வாங்கிட்டு வந்து வளர்த்து விதை எடுத்து வெச்சேன், இப்ப ஒண்ணுகூட முளைக்கல, விதையே சரியில்லையா?" விதை நல்லாத்தான் இருந்திருக்கும், வெச்ச விதத்துல செத்துப் போயிருக்கும். புதுசா வர்ற பசங்களைப் பாத்தா நாங்கல்லாம் ஆரம்பத்துல பண்ணதையே வரிசை மாறாம பண்றாங்க, அதான் ஒரே இடத்துல எழுதி வெச்சிடறேன். ஹைப்ரிட் காய்ல விதை எடுக்காதீங்க, பூச்சி அரிச்ச விதையை வைக்காதீங்க, இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது, அதை விட்டுடலாம்.

ஈரம் போகாத விதையை காத்துப் புகாத டப்பாவுல அடைக்கிறது

இதைப் பத்திதான் நிறைய சொல்லணும், ஏன்னா இன்னிக்கு வரைக்கும் எனக்கு ஆத்தாமையா இருக்கற விஷயம் இது.

எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி, ரொம்ப ஆர்வமானவர், ஊர் ஊரா போய் வயசானவங்ககிட்ட உக்காந்து பேசி விதை வாங்கிட்டு வருவார். ஒரு கிராமத்துல ஒரு அம்மாகிட்ட பீர்க்கு விதை வாங்கினார், குட்டையா குண்டா காய்க்கிற ரகம், அந்தப் பக்கத்துல வேற யார்கிட்டயும் இல்ல. அந்த அம்மா விதையை தனியா எடுத்து வைக்கற வழக்கமே இல்ல, கொடியிலயே நெத்தா காஞ்ச காயை அப்படியே பறிச்சு விறகு அடுப்புக்கு மேல பரண்ல கட்டித் தொங்க விட்டிருப்பாங்க, புகை பட்டு கருத்துப் போய், ஆட்டினா உள்ள விதை கலகலன்னு சத்தம் கேக்கும். தம்பி அதை வாங்கிட்டு வந்து ஒரு பட்டம் போட்டு நல்லா காய்க்கவும் வெச்சார். ஆனா அடுத்த விதை எடுத்தது ஐப்பசி மழையில. ரெண்டு நாள் ஃபேன் காத்துல போட்டுட்டு, தொட்டுப் பாத்தா காஞ்ச மாதிரிதான் இருந்துச்சுன்னு ஜிப்லாக் கவர்ல போட்டு, அந்தக் கவரை பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு, டப்பாவுக்கு டேப் வேற சுத்தி பத்திரமா வெச்சுட்டார். தை பிறந்து திறந்தா புளிச்ச வாடை, விதை மேல சாம்பல் நிறத்துல பூஞ்சை, ஒண்ணை உடைச்சுப் பாத்தா வெள்ளையா இருக்க வேண்டிய பருப்பு பழுப்பா கொழகொழன்னு இருக்கு. திரும்ப அந்த ஊருக்குப் போனார், அதுக்குள்ள அந்த அம்மா தவறிட்டாங்க, வீட்டை இடிச்சு கட்டிக்கிட்டு இருந்தாங்க, பரணும் இல்ல. ஒரு ஜிப்லாக் கவர்ல அந்த ரகம் முடிஞ்சு போச்சு.

தம்பி மேல கோவம் இல்ல, "ஏர்டைட்டா வெச்சா சேஃப்"னு எல்லா வீடியோவுலயும் சொல்றாங்க பாருங்க, அதுமேலதான் கோவம். ஏர்டைட் டப்பா வெளிய இருக்கற ஈரத்தை உள்ள விடாது, சரி, உள்ள இருக்கற ஈரத்தையும் வெளிய விடாது. விதைக்கு உயிர் இருக்கு, அது மூச்சு விட்டுக்கிட்டேதான் இருக்கும், ஈரம் அதிகமா இருந்தா அதிகமா மூச்சு விடும், அப்ப சூடு வரும், தண்ணி கோக்கும், பூஞ்சை பிடிக்கும். அதனாலதான் நம்ம நாட்டு விதைச் சான்று விதியிலயே நெல்லுக்கு ரெண்டு அளவு வெச்சிருக்காங்க, சாதாரண சாக்குல வெச்சா ஈரப்பதம் 13 சதவீதம் வரைக்கும் இருக்கலாம், ஈரம் புகாத பையில அடைச்சா 8 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாது. நல்லா அடைக்கறதா இருந்தா இன்னும் நல்லா காய வைக்கணும், யாரும் சொல்லாம விட்டுடற பாதி இதுதான். மண்பானை, வைக்கோல் சுத்தின விதைக்கோட்டை இதுலல்லாம் மிச்ச ஈரம் மெதுவா வெளிய போக வழி இருந்துச்சு, டப்பாவுல அந்த வழி இல்ல.

விதைக்காரங்க எல்லாரும் தெரிஞ்சு வெச்சிருக்க வேண்டிய ஒரு கணக்கு இருக்கு, ஹாரிங்டன்ங்கற விதை விஞ்ஞானி சொன்னது. ஈரப்பதம் 5லேருந்து 14 சதவீதத்துக்குள்ள இருக்கறப்ப, ஒவ்வொரு சதவீதம் குறைக்கறப்பவும் விதையோட ஆயுசு ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆகும், வெப்பம் 5 டிகிரி குறைஞ்சாலும் அதே மாதிரி. நார்வேல ஸ்வால்பார்ட் தீவுல 2008ல திறந்த உலக விதைப் பெட்டகத்தைப் பத்தி பேசறவங்க எல்லாரும் மைனஸ் 18 டிகிரியைத்தான் பேசறாங்க, அந்தக் குளிருக்குள்ள போறதுக்கு முன்னாடி அனுப்பற விதை வங்கியிலயே ஒவ்வொரு விதையையும் நல்லா உலர்த்தி அதுக்கப்புறம்தான் ஃபாயில் பையில சீல் பண்றாங்கங்கறதை யாரும் சொல்றதில்ல. ஈர விதையை அந்தக் குளிர்ல வெச்சா உள்ள இருக்கற தண்ணி உறைஞ்சே விதை செத்துடும்.

சரி, வீட்ல எப்படி பாக்கறது. நெல்லுன்னா பல்லுல கடிச்சா டக்குன்னு உடையணும், நசுங்கக் கூடாது. பீர்க்கு, சுரை, பூசணி விதையை வளைச்சா வளையாம ஒடியணும். இன்னொண்ணு உப்பு டெஸ்ட், காஞ்ச கண்ணாடி பாட்டில்ல கொஞ்சம் விதை, நல்லா வறுத்து ஆறவெச்ச தூள் உப்பு கொஞ்சம் போட்டு மூடி குலுக்கிட்டு சித்த நேரம் வைங்க, உப்பு கண்ணாடியில ஒட்டிக்கிச்சுன்னா ஈரம் 15 சதவீதத்துக்கு மேல இருக்கு, திரும்ப காய வைங்க. ஒட்டலன்னா துணிப் பைக்கோ பானைக்கோ போகலாம், ஏர்டைட்டுக்கு அது மட்டும் பத்தாது. அதுக்கு அரிசியை நல்லா சிவக்க வறுத்து, சூடோடயே பாட்டில்ல போட்டு இறுக்கி மூடி ஆறவிட்டு, அப்புறம் விதையை மெல்லிய துணியில முடிஞ்சு அதுக்கு மேல வெச்சு மூடுங்க, வறுத்த அரிசி ஈரத்தை இழுத்துக்கும், ரெண்டு வாரம் கழிச்சு விதையை வேற காஞ்ச பாட்டில்ல மாத்திடுங்க.

காய வைக்கறப்பவும் பாத்து பண்ணுங்க. மத்தியானம் 12லேருந்து 3 மணி வரைக்கும் உச்சி வெயில்ல போடாதீங்க, தகரத்து மேலயும் தார் ரோட்டு மேலயும் வேண்டவே வேண்டாம், காலை வெயிலும் சாயங்கால வெயிலும் போதும், சாக்கு விரிச்சு அது மேல பரப்புங்க. காஞ்ச விதையை சூட்டோட அடைக்காதீங்க, நிழல்ல ஆறவெச்சு அடைங்க. ஃப்ரிட்ஜ்ல வெச்ச பாட்டிலை எடுத்த உடனே திறக்காதீங்க, சில்லுனு இருக்கற விதை மேல காத்துல இருக்கற ஈரம் அப்படியே படியும், ராத்திரி எடுத்து வெளிய வெச்சுட்டு காலைல திறங்க.

எல்லாரும் ஒரே ரகத்தைத் தூக்கிட்டுப் போறது

எந்த விதைத் திருவிழாவுக்குப் போனாலும் மாப்பிள்ளை சம்பாவும் கருப்பு கவுனியும் முதல்ல காலியாயிடும், உவர் நிலத்துக்குத் தாங்கற குழியடிச்சானும் களர்பாலையும் மூட்டையிலயே கிடக்கும். "விளைச்சல் கம்மி, விலை போகாது, எதுக்கு வெச்சுக்கணும்"னு கேக்கறாங்க. உலகத்துக்கு செடி மூலமா கிடைக்கற சாப்பாட்டு சக்தியில ஏறக்குறைய பாதி அரிசி, கோதுமை, மக்காச்சோளம் இந்த மூணுலேருந்துதான் வருது, அதுல ஒண்ணுல எல்லாரும் ஒரே மாதிரி விதை போட்டா என்ன ஆகும்னு 1970ல அமெரிக்கா பாத்துச்சு. அங்க மக்காச்சோளத்துல 80 சதவீதத்துக்கு மேல டெக்சாஸ் சைட்டோபிளாசம்ங்கற ஒரே தாய்வழியில வந்த ஹைப்ரிட், இலைக்கருகல் நோய் ஒண்ணு வந்து அந்த வருஷ மகசூல்ல சுமார் 15 சதவீதத்தை அடிச்சுட்டுப் போயிடுச்சு.

மறுபக்கமும் பாருங்க. ஆசியா நெல் வயல்ல புல்குட்டைங்கற வைரஸ் நோய் பரவினப்ப, பிலிப்பைன்ஸ்ல இருக்கற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 6,000க்கும் மேல சாம்பிள் சோதிச்சுப் பாத்து, தாக்குப்பிடிக்கற குணம் ஒரே ஒரு சாம்பிள்ல கிடைச்சுது, உத்தரப் பிரதேசத்துல சேகரிச்ச ஒரைசா நிவாராங்கற காட்டு நெல். விளைச்சல்னு பாத்தா அதை யாரும் வீட்ல வெச்சிருக்கவே மாட்டாங்க. அதோட குணம்தான் 1976ல வந்த ஐஆர் 36க்குப் போச்சு, அந்த ரகம் ஒரு காலத்துல 1 கோடி ஹெக்டேருக்கு மேல பயிராச்சு. அதனால உங்க ஊர்ல விலை போகாத ரகம் ஏதாவது இருந்தா அதைத்தான் முதல்ல எடுத்து வைக்கணும்.

ஒரே ஒரு செடியில விதை எடுக்கறது

நெல், கத்தரிக்கே பல செடியிலேருந்து எடுங்க. கம்பு, சோளம், சுரைன்னா கட்டாயம்.

பக்கத்துப் பூவை மறந்துடறது

ரெண்டு சுரை ரகம் பக்கத்துல பக்கத்துல போட்டா கலந்துடும், அரை கிலோமீட்டருக்குக் குறைவான தூரத்தை நம்பாதீங்க. இடம் இல்லன்னா பூக்கறதுக்கு முன்னாடியே பெண் மொட்டையும் ஆண் மொட்டையும் நூலால கட்டிட்டு கையால மகரந்தம் சேத்துட்டு திரும்பக் கட்டிடுங்க. இதுல பல பேர் காலைல போய் நின்னு ஏமாறுவாங்க, சுரையும் பீர்க்கும் சாயங்காலம் பூக்கும், பூசணிதான் விடியக்காலைல.

அறுத்த உடனே முளைக்கலன்னு தூக்கிப் போடறது

சில நெல்லுக்கு உறக்க காலம் உண்டு. சில வாரம் விட்டு திரும்பப் பாருங்க.

பேர் எழுதாம வைக்கறது

எழுதுங்க. ரகம், ஊர், கொடுத்தவங்க பேர், அறுத்த மாசம்.

ஒரே வீட்ல வெச்சுக்கிட்டு காவல் காக்கறது

"கொடுத்தா பரவிடும், அப்புறம் நம்மகிட்ட மட்டும் இருக்காதே"ன்னு நேர்லயே சொன்னவங்க உண்டு, கேக்கவே வருத்தமா இருந்துச்சு. சிரியாவுல அலெப்போ பக்கத்துல இருந்த இக்கார்டா விதை வங்கி, கோதுமை, பார்லி, கொண்டைக்கடலைன்னு வறண்ட நிலத்துப் பயிர் எல்லாம் வெச்சிருந்தது, சண்டையில அங்க வேலை பாக்க முடியாம போச்சு. ஆனா ஏற்கனவே ஸ்வால்பார்டுக்கு இரட்டைப் பிரதி அனுப்பியிருந்தாங்க, 2015ல அதைத் திரும்ப எடுத்து லெபனான்லயும் மொராக்கோவுலயும் விதைச்சு பெருக்கினாங்க, அந்தப் பெட்டகத்துலேருந்து விதை வெளிய வந்தது அதுதான் முதல் தடவை. 2017ல புது விதையைத் திரும்ப அங்கயே கொண்டு போய் வெச்சாங்க.

நம்மூர்ல பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் ஐயா பண்ணதும் இதேதான், 2 கிலோ கொடுப்பார், அடுத்த வருஷம் 4 கிலோவா திருப்பிக் கொடுக்கணும். விதை அவர் வீட்ல மட்டும் இல்லாம நூத்துக்கணக்கான வயல்ல இருந்துச்சு. 2018 நவம்பர்ல கஜா புயல் டெல்டாவைப் பொரட்டிப் போட்டப்ப, அடுத்த மாசம் அவர் இறந்தப்ப, ரகங்கள் அதோட போகாம இருந்ததுக்கு அதுதான் காரணம். சட்டமும் தடுக்கல, 2001 பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் விவசாயி தன்னோட விதையை சேமிக்கவும் விதைக்கவும் மாத்திக்கவும் விக்கவும் உரிமை கொடுத்திருக்கு, பாதுகாப்பு பெற்ற ரகத்தை பிராண்ட் பேர் போட்டு விக்கத்தான் கூடாது. வேற வேற ஊர்ல மூணு பேருக்காவது கொடுத்து வைங்க, அதுல ஒருத்தராவது மழை வெள்ளம் வராத மேட்டு ஊரா இருக்கட்டும்.

விதைக்கற அன்னிக்குத்தான் டப்பாவைத் திறக்கறது

விதைக்க ஒரு மாசம் முன்னாடியே 100 விதை எண்ணி ஈர சாக்குல வரிசையா வெச்சு சுருட்டி, காயாம தண்ணி தெளிச்சுக்கிட்டே இருங்க. நெல்லுல 80க்கு மேல முளைச்சா நல்ல விதை. 60 வந்தா கூடுதலா விதைச்சுக்கலாம். 30, 40ன்னு வந்தா அந்த வருஷமே இருக்கற எல்லாத்தையும் மண்ணுல போட்டு புது விதை எடுத்துடுங்க, அடுத்த வருஷத்துக்கு அது தாங்காது, நீங்க விதை கொடுத்து வெச்ச மூணு பேருக்கும் அன்னிக்கே போன் போட்டு அவங்ககிட்ட எவ்வளவு இருக்குன்னு கேட்டு வெச்சுக்குங்க.