செதுக்குக் கத்திக்குத் தோல் உறை: நடுப்பட்டையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

பூவரசங்கட்டையில் கரண்டி செதுக்கப் பழகிய புதிதில், கத்தியைப் பழைய சாக்ஸில் சுற்றிப் பையில் போட்டு வைத்திருந்தேன். ஒருநாள் பேனா தேடிப் பைக்குள் விட்ட கை ரத்தத்தோடு வெளியே வந்தது. வேலூரில் இருந்துகொண்டு தோலுக்கா பஞ்சம்? அன்றே உறை செய்ய உட்கார்ந்தேன்.

ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் தெரிந்தவர் இருந்தால் துண்டுத் தோலுக்குச் சொல்லி வையுங்கள். இல்லையென்றால் செருப்புத் தைப்பவரிடம் கேளுங்கள். கனம் 2 முதல் 2.5 மி.மீ. இருக்கட்டும், மெல்லிய தோலைக் கத்தி முனை துளைத்துவிடும். ஆவாரம்பட்டை போல மரப்பட்டையில் பதனிட்டதா, குரோமில் பதனிட்டதா என்றும் பாருங்கள். குரோம் தோலை வெட்டினால் நடுவில் பெரும்பாலும் நீலச்சாம்பல் தெரியும். பட்டைத் தோல் உள்ளே வரை பழுப்பு. நமக்கு அதுதான் வேண்டும்: விறைப்பாக நிற்கும், நனைத்தால் வடிவம் பிடிக்கும். கொளுத்திச் சாம்பல் நிறத்தைப் பார்க்கச் சொல்வார்கள். குரோம் தோலின் புகை நல்லதல்ல, அந்தச் சோதனை வேண்டாம்.

முதலில் அட்டையில் மாதிரி வெட்டுங்கள். கல்யாணப் பத்திரிகை அட்டை இதற்கு அருமை. அட்டையை மடித்து, மடிப்பில் கத்தியின் முதுகு படியும்படி வைத்துக் கோடு போடுங்கள். கூர்ப்பக்கம் 12 மி.மீ. கூடுதலாக விடுங்கள். பிடியின் மேல் 2 செ.மீ. ஏறினால்தான் கத்தி நழுவாது. பிறகு அதே அளவில் தோலை வெட்ட வேண்டியதுதான்.

இப்போது நடுப்பட்டை, அதாவது உறையின் இரண்டு பக்கத்துக்கும் நடுவே கூர் படும் ஓரத்தில் வைக்கும் தோல் துண்டு. நான் செய்த முதல் உறையில் இது கிடையாது. இரண்டு பக்கத்தையும் ஒட்டித் தைத்தேன், பார்க்க அழகாகத்தான் இருந்தது. கத்தியைச் செருகும்போதெல்லாம் அதன் கூர் உள்ளிருந்து ஒவ்வொரு தையலாக அறுத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது வாரம் உருவும்போது ஓரம் பிளந்து கட்டை விரலில் இறங்கியது. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செருப்புத் தைக்கும் அண்ணனிடம் காட்டினேன். “கத்தி வாய்க்குத் திங்க ஏதாவது குடு தம்பி, இல்லன்னா நூலைத்தான் திங்கும்” என்றார்.

அதனால் 8 மி.மீ. அகலத்தில் ஒரு தோல் பட்டை வெட்டி, கூர்ப்பக்க ஓரம் முழுக்க, முனை வரை, இரண்டு அடுக்குக்கும் நடுவே வையுங்கள். கூர் இனி இந்தப் பட்டையில்தான் படும். பட்டையின் வழவழப்பான பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும், இல்லாவிட்டால் பசை பிடிக்காது. பசைக்கு என் ஓட்டு ரப்பர் சொல்யூஷனுக்கே. வெள்ளைப் பசை காய்ந்ததும் விறைத்து விட்டுவிடுகிறது. இரண்டு பரப்பிலும் தடவி, விரலில் ஒட்டாத அளவு காயவிட்டு, அப்புறம் சேர்த்துச் சுத்தியலால் தட்டுங்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு ஒட்டினால் வழுக்கிக்கொண்டே போகும்.

துளைகளுக்கு முள்கரண்டியை ஓரத்தில் அழுத்திக்கொண்டே போனால் சீரான இடைவெளி கிடைக்கும். கோடு பட்டையின் நடுவில் விழட்டும். குத்தூசி மூன்று அடுக்கில் கோணிப்போகிறது, நான் 1.5 மி.மீ. பிட் போட்ட டிரில்லுக்கு மாறிவிட்டேன். செருப்புத் தைக்கும் நைலான் நூலை மெழுகுவத்தியில் இழுத்து, தையல் நீளத்தைப் போல நான்கு மடங்கு எடுத்து, இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் எதிரெதிராக விட்டுத் தையுங்கள். ஒரு நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும்.

பின்சேர்க்கை: உறையை நனைத்து, கத்தியை உள்ளே செருகி வடிவம் பிடித்தவர் ஒருவருக்குத் தோலும் கத்தியும் கறுத்துப் போயினவாம். மரப்பட்டையில் பதனிட்ட தோலில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் கத்தியின் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் அப்படித்தான் கறுக்கும். கத்தியைப் பிளாஸ்டிக் தாளில் நன்றாகச் சுற்றிச் செருகுங்கள். வடிவம் பிடித்ததும் உருவிவிட்டு, உறையை நிழலில் இரண்டு நாள் உலர்த்துங்கள். ஐப்பசி மழையில் கத்தியை உறைக்குள்ளேயே மாதக்கணக்கில் விடாதீர்கள், துரு ஏறும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி வெளியே வையுங்கள்.

கரண்டிக் குழி தோண்டும் வளைகத்திக்கு இந்த உறை ஒத்துவராது. அதற்கு நான் ஒரு நீளத் தோல் பட்டையைக் கூர் மேல் இரண்டு சுற்று சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன்.